உயிரோடு இருந்தவர்களை மட்டும் கேட்டோம்

பாடத்திட்டம் மாறிய புதிதில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளிடம் அறிவியல் மனப்பான்மையையும், எதையும் ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்தையும் வளர்க்க வேண்டுமாம். அப்போது நான் வரிச்சிக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து, ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கையைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடமாக நாங்கள் என்ன வகுப்பில் தாயமா ஆடிக்கொண்டிருந்தோம்? ஆனால் எரிச்சல் அடங்கியதும் யோசித்துப் பார்த்தேன். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் என் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "புக்குல இருக்கு டீச்சர்" என்பார்கள். சுற்றறிக்கை எழுதியவர் ஒன்றும் தப்பாக எழுதிவிடவில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். அவரவர் வீட்டில் நம்புகிற ஒரு விஷயத்தைக் கொண்டுவாருங்கள், அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது என்று பார்க்கலாம். யாருடைய நம்பிக்கையையும் கேலி செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள்ளாமல் ஒரு பரீட்சைக்கும் போகாதவள் நான். எனக்கு அந்த அருகதை கிடையாது.

பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கிரகணத்தன்று உலக்கை தானாக நிற்கும் என்றாள் ஒருத்தி. திருநள்ளாற்றுக்கு மேலே வந்தால் சாட்டிலைட் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகும், போனில் வந்தது என்றான் ஒருவன். "திருநள்ளாத்துல பஸ்ஸு நிக்கும்டா, சாட்டிலைட் எதுக்கு நிக்கப்போவுது, டீ குடிக்கவா?" என்றேன். வகுப்பே சிரித்தது. கேலி செய்யக் கூடாது என்ற விதியை முதலில் மீறியது நான்தான்.

அதற்குப் பிறகுதான் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து வேப்பிலையைப் பற்றிச் சொன்னாள். பாம்பு கடித்தவருக்கு வேப்பிலையை மென்று பார்க்கக் கொடுப்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை, பயப்பட வேண்டாம். கசப்பே தெரியவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. வாசலை விட்டு இறங்கினால் வயல் என்று இருக்கிற ஊர்கள் இவை. நடவு, அறுப்பு என்று வந்துவிட்டால் பாம்புக்கடி இல்லாமல் ஒரு பருவம் போகாது. உலக்கை நின்றாலும் விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. இது அப்படியில்லை. அறிவியல் கண்காட்சிக்கு இதையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

பாம்பைப் பிடித்துக் கடிக்கவிட்டுச் சோதிக்க முடியாது. ஆகவே கடி வாங்கியவர்களிடம் கேட்டு வருவது என்று பேசிக்கொண்டோம். ஒரு வாரம் பிள்ளைகள் தெருத் தெருவாக அலைந்தார்கள். திங்கட்கிழமை வந்தபோது அவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை. கேட்ட அத்தனை பேரும் வேப்பிலை மென்றிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கசந்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் எல்லாரும் நன்றாக நடமாடுகிறார்கள்.

"சரியாத்தான் டீச்சர் இருக்கு. நீங்கதான் சந்தேகப்பட்டீங்க" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"யாரையெல்லாம் கேட்டீங்க?"

"பாம்பு கடிச்ச எல்லாரையும் டீச்சர். ஊர்ல ஒருத்தர் விடல."

"ஊர்ல இல்லாதவங்களை?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "திருப்பூருக்கு வேலைக்குப் போனவங்களையா டீச்சர்?"

எனக்கு உள்ளூர ஒரே குஷி. நல்ல கேள்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் அதை நோக்கித் தட்டுத்தடுமாறி வருவதைப் பார்ப்பதில் ஓர் ஆசிரியைக்கு இருக்கிற சுகம் வேறெதிலும் கிடையாது. இன்னும் கொஞ்சம் திண்டாடட்டும் என்று பேசாமல் நின்றேன்.

ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்தாள். கூப்பிட்டாலே எழுந்திருக்கத் தயங்குகிறவள். அவளுக்கு அப்பா இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"எங்கப்பாவுக்கும் கசந்துச்சு டீச்சர்" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். அவள் ஆறாவது படித்தபோது நடந்தது. நடவு நேரம். அம்மா விடிவதற்கு முன்பே வேன் ஏறித் தூரத்து வயலுக்குப் போய்விட்டார். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன அப்பா, கையில் ஏதோ சுருக்கென்றது என்று வந்து உட்கார்ந்தார். வைக்கோற்போரிலிருந்து பாம்பு இறங்கிப் போனதைப் பார்த்திருக்கிறார், இருட்டில் என்ன பாம்பு என்று தெரியவில்லை. வீக்கம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. யாரும் சொல்லாமல் இவளே ஓடிப்போய் வேப்பிலை பறித்து வந்து கொடுத்தாள். அவர் மென்று பார்த்து, "கசக்குது புள்ள, ஒண்ணுமில்ல, தண்ணிப்பாம்பா இருக்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சொக்குகிறது என்று படுத்துக்கொண்டார். இவள் தலை சீவி, சோறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் அம்மா திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான் இருக்கும். வீங்காது, அதிகம் வலிக்காது, இமை இறங்கும், தூக்கம் என்று நினைப்பார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பெண் நிற்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது, அவளே கேட்டுவிட்டாள்.

"அப்ப கசந்தா விஷம் இல்லன்னு அர்த்தம் இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா. நாக்குக்கு அது தெரியாது. நம்ம வயல்ல கடிக்கிற பாம்பு நெறைய விஷமில்லாதது. அவங்க வேப்பிலை மென்னாலும் மெல்லாட்டியும் பொழைச்சிருப்பாங்க."

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாரா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. "தெரியலம்மா. பொழைச்சிருக்கலாம்" என்றேன். அவள் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளையும் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்தை வளர்க்கச் சொன்னார்கள், வளர்த்தாயிற்று, ஒரு பெண் வீட்டில் சுருண்டு கிடக்கிறாள். எனக்கு என்மேலும் அந்தச் சுற்றறிக்கைமேலும் ஒருசேர ஆத்திரமாக வந்தது. உண்மை என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறவரை எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது.

வாரக் கடைசியில் அவளுடைய அம்மா வந்தார். களை எடுத்துவிட்டு நேரே வந்திருக்க வேண்டும். காலில் சேறு காய்ந்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவருக்கு ஏழரைச் சனி நடந்துச்சு, விதி முடிஞ்சிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க டீச்சர். திருநள்ளாறு போயி வெளக்கு ஏத்திட்டு வந்தேன். மனசு ஒரு நெலைக்கு வந்துச்சு. இப்ப இவ, நான்தாம்மா கொன்னுட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவுறா."

"மன்னிச்சிடுங்க. கண்காட்சியிலேருந்து இதை எடுத்துடுறேன். வேற ஏதாவது வச்சுக்குறோம்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பிள்ளைகள் சத்துணவுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எடுக்காதீங்க" என்றார். "அறுப்பு வருது. இன்னும் எத்தனை பேரு வேப்பிலைய மென்னுட்டுப் படுத்துக்குவாங்களோ. அவ சொல்லட்டும். ஆனா எலை பறிச்சுக் குடுத்தது நான்னு சொல்லச் சொல்லுங்க. அவ பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டான்னு சொல்லவேணாம்."

"நீங்க அன்னைக்கு வீட்டுலேயே இல்லையேங்க."

"அது யாருக்குத் தெரியும் டீச்சர்? ஊரு என்னைத் திட்டட்டும். நான் தாங்கிக்குவேன். அது சின்னப் புள்ள."

நான் சரி என்றேன். சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் சொன்னேன். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்த பெண்ணிடம், அம்மா சொன்னபடியே சொல்லிவிடு, பாடம் ஒன்றுதானே, இலையை யார் பறித்தால் என்ன என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

கண்காட்சியன்று பெற்றோர்கள் பலர் வந்திருந்தார்கள். அவளுடைய அம்மா கூலியை விட்டுவிட்டு வந்து, கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். முதல் பெஞ்சுக்காரி, உயிரோடு இருந்தவர்களை மட்டும் கேட்டதில் எங்கள் கணக்கு எப்படித் தப்பாகப் போனது என்பதை விளக்கினாள். பிறகு ஜன்னலோரத்துப் பெண் பேசினாள். "எங்கப்பாவ பாம்பு கடிச்சுது. வேப்பிலை குடுத்துப் பாத்தாச்சு. கசந்துச்சு. அப்பா செத்துட்டாங்க." யார் கொடுத்தது என்று சொல்லாமலே தாண்டிவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

முன்னால் நின்ற ஒருவர் சும்மா இருக்கவில்லை. "வேப்பிலைய நம்பி ஒரு உசுர விட்டுட்டீங்களேம்மா. யாரு குடுத்தது?" என்றார்.

"நான்தாங்க குடுத்தேன்" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். எப்படிப்பட்ட பார்வைகள் அவை என்று நான் எழுத விரும்பவில்லை. அவர் தலை குனியாமல் நின்றார்.

அந்தப் பெண் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றாள். "எங்கம்மா அன்னைக்கு நடவுக்குப் போயிட்டாங்க. நான்தான் பறிச்சுக் குடுத்தேன். கசக்குதுன்னாங்க. அத நம்பி, தூங்கட்டும்னு விட்டுட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டேன். நீங்க தூங்க விடாதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க."