பிலோமினா மிஸ் குலுக்கிய போத்தல்

பிலோமினா மிஸ் இறந்த செய்தியை வவுனியாவில் என்னிடம் சொன்னவர் ஒரு லொறிச் சாரதி. "மருந்து குடுக்கிற மிஸ் போயிட்டா. காய்ச்சல் எண்டுதான் படுத்தவா" என்றார். எந்த மிஸ் என்று நான் கேட்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் வைத்தியசாலையொன்றில் மருந்தாளராக இருந்தவர். இடம்பெயர்ந்த பின் இரணைமடுவுக்குத் தெற்கே ஒரு கொட்டிலில் அதே வேலையைத் தொடர்ந்தவர். இதை வாசிக்கும் பலர் அவர் கையால் மருந்து வாங்கியிருப்பீர்கள்.

மருந்துத் தட்டுப்பாடு பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். பேசிக்கொண்டே அலுமாரியிலிருந்து கறுப்பாகத் தெரிந்த ஒரு போத்தலை எடுத்துக் குலுக்கினார்.

"இது என்ன மருந்து, மிஸ்?"

"மருந்தில்லை, வைன். தம்பி கப்பலிலயிருந்து கொண்டுவந்தவன். 'பத்து வருசம் கிடக்கட்டும் அக்கா, நான் வந்து திறக்கிறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

தம்பியின் பெயர் அந்தோனி. பத்து வருடம் முடிந்திருந்தது. கடிதம் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது.

"ஏன் குலுக்குறியள்?"

"அடியில மண்டி நிக்குது. மண்டி நிக்கிற எந்த மருந்தையும் நான் குலுக்காமல் குடுத்ததில்லை. இது கரைஞ்சு முடிஞ்சால்தான் பக்குவம் எண்டு நினைக்கிறன். நினைக்கிறன் எண்டுதான் சொன்னனான், உறுதி எண்டு எழுதிப்போடாதையுங்கோ."

அடுத்த முறை போனபோது அவர் மலேரியாவில் மூன்று கிழமை படுத்து எழும்பியிருந்தார். அத்தனை நாளும் போத்தலை ஒருவரும் தொடவில்லை. என்னை வெயிலுக்குக் கூட்டிப்போய் அதைத் தூக்கிக் காட்டினார். மண்டி முழுவதும் அடியில் படிந்து, மேலே நிறம் தெளிந்திருந்தது. ஓரத்தில் செங்கல் நிறம் தட்டியது. "இவ்வளவு காலமும் நான்தான் இதை நித்திரை கொள்ள விடேல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த மார்கழியில் பங்குச் சுவாமியார் வந்தார். சண்டையால் பாதை பூட்டியிருந்தது. கைவசமிருந்த பூசை வைன் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்குக் காணாது. "உங்கட போத்தல் பழுதாகாமல் இருந்தால் தாங்கோ, மிஸ். வினாகிரியாய்ப் புளிச்சுப் போயிருந்தால் பூசைக்கு வைக்க ஏலாது."

சிக்கல் விளங்கியது. திறக்காமல் அறிய முடியாது. திறந்தபின் குளிர்ப்பெட்டி இல்லாமல் அதிக நாள் வைத்திருக்க முடியாது. பழுதாகியிருந்தால் தம்பிக்கென்று காத்த போத்தலும் போய், பூசையும் இல்லை.

அமிலம் பட்டால் சிவக்கும் பாசிச்சாயத்தாள் இருக்கிறதே என்றேன், பள்ளிக்கூட அறிவில். "நல்ல வைனும் அதைச் சிவப்பாக்கும், கெட்டதும் சிவப்பாக்கும். உங்களுக்கு ஆர் விஞ்ஞானம் படிப்பிச்சது?" என்றார்.

பிறகு, முனை மழுங்கியதால் ஒதுக்கிவைத்த நீண்ட ஊசியொன்றைக் கண்ணாடிச் சிறிஞ்சோடு சேர்த்து அவித்தெடுத்தார். மண்டி கலங்காதபடி போத்தலை மெல்லச் சரித்துத் தக்கைக்குள் ஊசியை இறக்கினார். றப்பர் மூடிப் போத்தலில் மருந்து இழுக்கும் முறையிலேயே, முதலில் கொஞ்சம் காற்றைச் செலுத்திவிட்டு அதே அளவு வைனை இழுத்தார். துளையில் மெழுகுதிரியை உருக்கி விட்டார்.

கரண்டியில் விட்டதைச் சுவாமியார் நாவில் வைத்ததும் முகம் கோணியது. "புளிச்சுப்போச்சுது, மிஸ்."

மிஸ் எழும்பி உள்ளே போனார். இன்னொரு கரண்டியில் தென்னங்கள்ளு வினாகிரி கொண்டுவந்தார். "இதை மணந்து பாருங்கோ, சுவாமி. பிறகு அதை மணவுங்கோ."

சுவாமியார் இரண்டையும் மாறி மாறி மூக்கில் வைத்து மணந்தார். எனக்கும் ஒரு சொட்டுக் கிடைத்தது. பச்சைப் பாக்கை மென்றதுபோல நாக்கு இறுகியது. மூக்கில் வினாகிரி நெடி ஏறவில்லை.

"இது கயர்ப்பு, புளிப்பில்லை. பழுதாகேல்லை" என்றார் மிஸ்.

"எனக்குப் பழக்கமானது சர்பத் மாதிரி இனிக்கும், மிஸ். அதுதான் ஏமாந்துபோனன்" என்று சுவாமியார் ஒத்துக்கொண்டார். பிறகு தயங்கி, "அப்ப தருவியளோ?" என்று கேட்டார்.

மிஸ் போத்தலை மடியில் வைத்துத் துளையை மூடிய மெழுகைத் தடவினார். "பக்குவம் வந்திட்டுது. அவன்தான் வரேல்லை" என்றார். பிறகு நீட்டினார். சுவாமியார் வாங்கும்போதும் மிஸ் போத்தலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒண்டு சொல்லுறன், சுவாமி. அவன்ர பெயரை இறந்தவைக்கான மன்றாட்டில சொல்லப்படாது. உயிரோட இருக்கிறவையோட சொல்லுங்கோ. அவன் செத்ததை ஒருத்தரும் பார்க்கேல்லை."

நத்தார்ப் பூசை விடிந்தபின் கிடுகுக் கொட்டிலில் நடந்தது. நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்போருக்கும் மன்றாடிய இடத்தில் அந்தோனியின் பெயரைக் கேட்டேன். மிஸ் முன்வரிசையில் முழந்தாளில் நின்றார்.

அந்தோனி இன்றுவரை வரவில்லை. காணாமற்போனோரின் பெயர்கள் என் மேசைக்கு வந்தபடியே இருக்கின்றன. கூட வேலை செய்பவர்கள், "இவ்வளவு காலமாச்சுது, இறந்தோர் பக்கத்தில போடுவமோ?" என்று கேட்பதுண்டு. "பார்த்தது ஆர்?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஒருவரும் பார்க்கவில்லையென்றால் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கேள்வியை எனக்குத் தந்தவர் பிலோமினா மிஸ்.