அத்தான் மீசை எடுத்த கோடை

ஓக்லாந்தின் மாசி என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறைக் கதவு தரையை உரசிக்கொண்டுதான் திறக்கும். அந்தச் சனிக்கிழமைக் காலையில் அது உரசிய சத்தம் கேட்டு நானும் அக்காவும் ஒன்றாகத் திரும்பினோம். அத்தான் துவாயால் முகத்தை ஒற்றியபடி வெளியே வந்தார். துவாய் கீழே இறங்கியதும் அங்கே வேறு யாரோ நின்றார்கள். ஒரு மனிதருக்கு மூக்குக்கும் வாய்க்கும் நடுவே இவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்காவோ கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "மாமா உயிரோட இருக்கேக்கை மீசையை எடுக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்?" என்றாள். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் மீசையை எடுப்பது தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிற நாளில். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு மீசைக்கு இந்த அழுகை கொஞ்சம் கூடிப்போனதாகவே பட்டது.

மீசை போனதற்குக் காரணம் கடல். தொண்ணூற்றேழாம் ஆண்டின் கோடை அது; இங்கே கோடை கிறிஸ்துமஸோடுதான் வரும். ஈஸ்ட் டாமாக்கியில் அத்தான் வேலை செய்த பண்டகசாலையில் கிறிஸ்துமஸ் விருந்தின்போது சீட்டுக் குலுக்குவார்கள். மற்றவர்களுக்கு வைனும் பன்றித்தொடையும் விழ, அத்தானுக்கு விழுந்தது இரண்டு பேர் ஆழ்கடல் நீச்சல் பழகுவதற்கான அனுமதிச் சீட்டு. ஊரில் வங்கியில் இருந்தவர், தோட்டக் கிணற்றுக்கு அப்பால் நீந்தி அறியாதவர். கூட வேலை செய்தவர்கள் அவர் அதை யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்கள் நினைத்ததாலேயே அவர் கொடுக்கவில்லை. அக்காவுக்குத் தண்ணீர் என்றால் சமையலறைக் குழாயோடு சரி. ஆகவே, வந்து ஒரு வருடமும் ஆகாத மச்சினியான நான் இரண்டாவது ஆளானேன்.

முதற்பாடங்கள் நீச்சல் தடாகத்தில் நடந்தன. சொல்லித் தந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எதையும் இரண்டாம் முறை சொல்லப் பிடிக்காதவர், ஆனால் எங்களுக்காக ஐந்தாம் முறையும் சொன்னார். முதுகில் சிலிண்டர், வாயில் காற்றுக் குழாய், கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் முகக்கண்ணாடி. அதன் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி நின்றால்தான் தண்ணீர் உள்ளே வராது. அத்தானின் மீசை ஒட்ட விடவில்லை. தலையை அமிழ்த்திய சற்று நேரத்தில் மூக்குவரை தண்ணீர் ஏறிவிட, மனிதர் கையைக் காலை அடித்துக்கொண்டு மேலே வருவார். மீசையில் வாசலின் பூசிப் பார்த்தார்கள். மீசை மினுங்கியது, தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் வழித்தால் போதும் என்றார் அந்தப் பெண்மணி. அப்படி எலி கடித்த மீசையோடு திரிவதைவிட முழுதாக எடுப்பது மேல் என்று அத்தான் முடிவு செய்தார்.

ஏன் அவருக்கு இந்தப் பிடிவாதம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது ஓரளவு விளங்குகிறது. அந்த வீட்டில் எல்லாமே காத்திருப்பாக இருந்தது. நிரந்தர வதிவிட விசாவுக்காகக் காத்திருந்தோம். அதைவிட அதிகமாக அவருடைய அப்பாவின் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது கிழவரும் வன்னிக்குப் போனார். அங்கே ஒரு கொட்டிலில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அத்தான் வேலையால் வந்ததும் காரை நிறுத்துமுன் தபால் பெட்டியைத்தான் திறப்பார். "அங்கை தபால் ஓடாது. ஓடத் தொடங்கினா எல்லாம் ஒண்டாய் வரும்," என்று எங்களுக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார். கடல் நீச்சல் ஒன்றுதான் யாருடைய முத்திரைக்கும் காத்திராமல் அவரே போய்ச் செய்யக்கூடியதாக இருந்தது.

மீசை எடுத்த அன்று மாலை, வாடகை மண்டபத்தில் நடக்கும் மாதப் பூசைக்குப் போனோம். தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் மனைவி, "அட, பத்து வயசு கொறஞ்சிட்டீங்களே! ஆமா, யாரு ஐடியா இது?" என்று சிரித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் வந்து அத்தானின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அத்தான் முகக்கண்ணாடிக் கதையை எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், நம்பவில்லை. தண்ணீருக்குள் மீன் பார்ப்பதற்காக ஒரு யாழ்ப்பாணத்தான் மீசை எடுப்பான் என்பதை எப்படி நம்புவது? மறுநாள் மத்தியானம் ஒரு குடும்பம் மூடிய சட்டிகளோடு வாசலில் வந்து நின்றது. செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார்கள். அத்தான் விழுந்து விழுந்து சிரித்து, அவர்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்; எல்லோருமாகச் சாப்பிட்டோம். அக்கா மட்டும் பசியில்லை என்றாள்.

அந்த வாரத்தில் ஒரு மாலை தொலைபேசி அடித்தது. அத்தான் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார், அக்கா கடைக்குப் போயிருந்தாள். எடுத்தது நான். ரொறன்ரோவிலிருந்து அத்தானின் தமக்கை, நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவர்.

"தம்பி எப்பிடி இருக்கிறான் பிள்ளை? நல்லா அழுதவனோ?"

"ஏன் மச்சாள் அழவேணும்?"

"அவன் மீசை எடுத்திட்டான் எண்டு லண்டனிலை இருந்து சொன்னாங்கள். நாங்கள், ஆரோ சொல்லிப்போட்டினமாக்கும் எண்டு..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. "அவனுக்குச் சொல்லிப்போடாதை ராசாத்தி. விசா வரட்டும்," என்று மன்றாடினார். புல்வெட்டியின் சத்தம் நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அத்தான் பின்கதவில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கையை நீட்டினார். நான் ரிசீவரைக் கொடுத்தேன்.

அவர் அதிகம் பேசவில்லை. "ஓம்." "எப்ப?" "ஆர் கொள்ளி வைச்சது?" "ஓம்." அவ்வளவுதான். கிழவர் காய்ச்சலில் போயிருக்கிறார். சித்தப்பாவின் மகன் மீசை எடுத்துக் கொள்ளி வைத்திருக்கிறான். அதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஒரே மகனுக்குச் சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவான், ஏறினால் திரும்பி வர முடியாது என்று கூடிப் பேசி மறைத்திருக்கிறார்கள். மறைக்கிறவர்கள் எப்போதும் நல்லதற்குத்தான் மறைக்கிறார்கள். அதனால்தான் அவர்களோடு சண்டை பிடிக்கவும் முடிவதில்லை.

அக்கா மரக்கறிப் பைகளோடு உள்ளே வந்தபோது அத்தான் அதே இடத்தில் இருந்தார்.

"உமக்குத் தெரியுமோ?"

அக்கா பைகளை இறக்கவில்லை. "ஓம்," என்றாள்.

அவர் அந்த மரக்கறிப் பைகளைப் பார்த்தார். பிறகு, "அதுதானோ அமாவாசைக்கு அமாவாசை வீட்டிலை மரக்கறி?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மாதத்தில் ஒரு நாள் அக்கா இறைச்சி வாங்க மறந்துவிடுவாள். மீன் பழுது என்பாள். சோம்பல் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். தகப்பனை இழந்த பிள்ளை பிடிக்க வேண்டிய அமாவாசை விரதத்தை, அவருக்கே தெரியாமல் அவரைப் பிடிக்க வைத்திருக்கிறாள். இத்தனை மாதம் அதைத் தனியாக நெஞ்சில் சுமந்துகொண்டு, மாமா இருக்கும்போது மீசை எடுக்கலாமா என்று சண்டையும் பிடித்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. அத்தானுக்கு என்ன வந்ததென்று தெரியாது. "என்ர மீசை பிந்தித்தான் போயிருக்கு," என்றார். எழும்பிப்போய்ப் பாதியில் விட்ட புல்லை வெட்டி முடித்தார். அதற்குப் பிறகு அவர் அக்காவோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமா என்ற கேள்விக்கும் எனக்குத்தான் பதில் சொன்னார்.

கடலில் இறங்கும் நாள் அடுத்த ஞாயிறு. சாவுத் துடக்குள்ள வீட்டில் இருந்துகொண்டு போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "சாவு கேட்டா முழுகத்தானே வேணும். கடலிலை முழுகினா என்ன?" ஓக்லாந்துக்கு வடக்கே, கார் ஓட்டத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே, ஆட்டுத் தீவு என்று ஒரு சின்னத் தீவு கரையை ஒட்டி இருக்கிறது. அங்கே மீன் பிடிக்கத் தடை, அதனால் மீன்களுக்கு மனிதர்மேல் பயமில்லை. புதிதாகப் பழகுகிறவர்களை அங்கேதான் கூட்டிப்போவார்கள். அக்கா கேட்காமலே காரின் பின் இருக்கையில் ஏறி இருந்தாள். கரையில் நாங்கள் ரப்பர் உடுப்புக்குள் நுழைந்து முடித்ததும், அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கைக்குட்டை முடிச்சை எடுத்து அத்தானிடம் நீட்டினாள். உள்ளே கறுப்பு எள். அவர் வாங்குவாரோ மாட்டாரோ என்று பார்த்தேன். வாங்கினார். உடுப்பின் கைவிளிம்புக்குள் செருகிக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை.

கீழே அதிக ஆழம் இல்லை. பாசி மூடிய பாறைகளுக்கு நடுவே மணல்தரை. அதில் முழங்காலில் இருக்கச் சொன்னார் ஆசிரியை. நீலநிற மீன்கள் கூட்டமாக எங்களைச் சுற்றிப் போயின. முழங்கை நீளத்தில் ஒரு மீன் வந்து என் முகக்கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தது. என் மூச்சின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அத்தானின் கண்ணாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. அவர் முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை விரித்தார். எள்ளும் தண்ணீரும் இறைப்பது என்றால் எள்மேல் தண்ணீர் வார்க்க வேண்டும். அங்கே வார்க்க வேண்டியிருக்கவில்லை. எள் கையை விட்டு எழும்பிக் கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தது. பிறகு மீன்கள் வந்து ஒவ்வொன்றாகக் கொத்தின. காகம் இல்லாத நாட்டில் அதற்கும் யாரோ வந்தார்கள் என்று நினைத்தேன். ஆசிரியை விரைந்து வந்து, கூடாது என்று விரலை ஆட்டினார்.

கரையேறியதும் நல்ல ஏச்சு விழுந்தது. மீனுக்குத் தீனி போடுவது அங்கே குற்றமாம். அத்தான் மன்னிப்புக் கேட்டார். நான் விளங்கப்படுத்த வாயெடுத்தேன், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அக்காவிடம் போய், அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளோடு பேசினார்: "இனி எனக்கு ஒண்டையும் ஒளிக்காதையும். சாவெண்டாலும் அண்டைக்கே சொல்லும். அழுறது என்ர பாடு." அக்கா ஓம் என்றாள். இருவரும் ஒரே துவாயால் முகம் துடைத்தார்கள்.

விசா அந்தக் குளிர்காலத்தில் வந்தது. தபால் ஓடத் தொடங்கியும் வன்னியிலிருந்து எதுவும் ஒன்றாக வந்து சேரவில்லை. அத்தான் அதன்பின் மீசை வைக்கவில்லை, கடலுக்குள்ளும் இறங்கவில்லை. நான் கலியாணம் முடித்து, ஓக்லாந்திலேயே எப்சம் பகுதியில் வீடு வாங்கி, பிள்ளைகள் எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் காலமும் வந்தது. மூன்று வருடங்களுக்கு முன், எனக்கு ஒரு பெரிய சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரம், கொழும்பில் எங்கள் அம்மா இறந்துபோனா. உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று என் கணவரும் பிள்ளைகளும் அக்காவும்கூடப் பேசி முடிவெடுத்தார்களாம். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தான் காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, அம்மா போட்டா. இண்டைக்குக் காலமை. நான் கேட்டு ஒரு மணித்தியாலம்கூட இல்லை," என்றார். "நீ அழு. நான் இருக்கிறன்."