படிகாரத்துக்குள் ஒரு சிவப்பு

என் மேசைமேல் ஒரு படிகாரக் கல் இருக்கிறது. எலுமிச்சை அளவு, கண்ணாடித் தெளிவு. ஒரு முகத்துக்கு அடியில் மட்டும் கடுகளவு சிவப்பு.

அறுபதுகளில், மாட்டுங்காவில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் ஒற்றை அறையில் அதை வளர்த்தவன் அண்ணன். செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை. தற்காலிக ஆளுக்கு அங்கே தனி மேசை கிடையாது, எதுவானாலும் வீட்டில்தான். மாசில்லாத ஒற்றைப் படிகம் வளர்த்துக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் மேலதிகாரி. அப்பாவோ படுத்த படுக்கை. அந்தச் சம்பளம் நின்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வெந்நீரில் இனிக் கரையாது என்னும் மட்டும் படிகாரத்தைக் கரைத்து, ஆறவிட்டு, சின்னக் கல் ஒன்றை நூலில் கட்டி ஜாடிக்குள் தொங்கவிட்டான். கரைந்ததெல்லாம் அந்தக் கல்லில்தான் வந்து படிய வேண்டும். "தேன் அடியில உறையறது, நெய் மணல் மணலா நிக்கறது, எல்லாம் இதே சங்கதிதான். ஆரம்பிக்க ஒரு பிடிமானம் வேணும். தூசி விழுந்தாலோ ஜாடி ஆடினாலோ போறும், கண்ட இடத்துல கல் கட்டிடும்" என்பான். அம்மா துடைப்பத்தையே தொடவில்லை. தாளிக்கக்கூடப் பயந்தாள். லோக்கல் வண்டி கடகடவென்று போனால் எல்லோரும் ஜாடியையே பார்ப்போம்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, தையல் மிஷின், என் ஜியாமெட்ரி பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. பிள்ளையின் பிழைப்பே அந்த ஜாடியில் இருக்க, அதை விட்டுவிட அம்மாவுக்கு மனசு வருமா? அண்ணன் குளிக்கப் போயிருந்தான். தூசி விழாமல் ஜாடியை மூடியிருந்த காகிதம் சந்தனத்தில் நனைந்துவிடுமே என்று எடுத்து வைத்துவிட்டு, ஜாடியின் கழுத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். அண்ணன் வந்து பார்த்தான். காகிதத்தை எடுத்து ஜாடியை மூடினான். மறுநாள் காலை ஜாடியின் அடியெல்லாம் கல்கண்டு கொட்டியதுபோலப் பொடிக் கற்கள். பெரிய கல்லிலும் ஒரு சிவப்புத் துணுக்கு ஒட்டி, மேலே படிகாரம் மூடியிருந்தது.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"ரயில் ஆட்டம்மா. ராத்திரி பூரா கூட்ஸ் வண்டி" என்றான் அண்ணன், கல்லை உள்ளங்கையில் மூடிக்கொண்டு. பிறகு என்னிடம் கொடுத்து, "அம்மா கண்ணுல படாம வெச்சுக்கோ" என்றான்.

வேலை போயிற்று. அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலைக்கு விடிவதற்குள் வண்டி பிடித்து ஓடத் தொடங்கினான். ஊருக்குப் போகாமல் தப்பினோம், அவ்வளவுதான். அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் கூட்ஸ் வண்டியைத் திட்டினாள். நம்பிவிட்டாள் என்று எங்களுக்கு நிம்மதி.

அடுத்த ஆயுத பூஜைக்குக் குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினாள். "நீயே வைடி. நேக்குக் கை நடுங்கறது." கை நடுங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அவள் இடவேயில்லை.

நேற்று ஆயுத பூஜை. கல்லையும் துடைத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு இட்டேன், அதற்கு மட்டும் இடவில்லை.