இரண்டு காந்தத் தட்டுகளும் தேயிலை விலையும்

தேயிலை விலை விழுந்து கிடந்த காலத்தில்தான் நான் காந்தச் சுழலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கோத்தகிரிப் பக்கம் அப்பா மேலாளராக இருந்த சின்னத் தேயிலை ஃபேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினால் அதிகம். ஆபீஸ் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. கல்லூரியில் கம்ப்யூட்டருக்கு வரிசையில் நிற்க வேண்டும். லீவுக்கு வந்த நான் இதன் மேல் கண் வைத்தேன்.

என் வேலை இதுதான். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு அகலத்தில் இரண்டு காந்தத் தட்டுகள், ஒன்றையொன்று தொடாமல் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் காந்தம் வட்டமாகச் சுழித்து நிற்கும். ஒன்றின் நடுப்புள்ளியைச் சற்றே தள்ளிவிட்டால் அது சுற்ற ஆரம்பிக்கும். போகப்போக அது தளரும். யாரும் தொடாத பக்கத்துத் தட்டின் புள்ளி சுற்றும். பிறகு அது தளர்ந்து, முதல் தட்டுக்கு மறுபடி உயிர் வரும். இதைக் கணக்குப் போட்டுப் படமாகக் காட்டக் கம்ப்யூட்டர் நாள் கணக்கில் ஓட வேண்டும்.

அப்பாவிடம் சொன்னால், "எலை இல்லாம மிசின் ஓட்டக் கூடாது அம்மிணி" என்பார். ஃபேக்டரிச் சட்டம் அது; கம்ப்யூட்டரும் அவருக்கு ஒரு மிசின்தான். அதனால் வாய் கூசாமல், "வெலை எப்ப ஏறும்னு பாக்கற கணக்குங்கப்பா" என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. ஒரு தட்டு குன்னூர்த் தேயிலை ஏல விலை, இன்னொன்று நம்ம பச்சை இலை விலை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கம்ப்யூட்டரைக் கொடுத்ததோடு, ஊரெல்லாம் சொல்லியும் விட்டார். மறுநாள் காலையில் சிறு விவசாயிகள் ஏழெட்டுப் பேர் மஃப்ளரும் குடையுமாக ஆபீஸ் பெஞ்சில் இருந்தார்கள்.

"இப்பச் சுத்தறது யாருதுங்க?"

"ஏலமுங்க."

"நம்முளுது?"

"இன்னுங் கொஞ்ச நேரத்துல வந்துருமுங்க."

பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் மாதிரி அறிவித்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. அதை மறைப்பானேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார். இரண்டு ஏக்கர் தேயிலை அவருக்கு. நான்காம் நாள், மற்றவர்கள் போன பிறகும் திரை முன்னால் நின்றார்.

"திரும்பத் திரும்ப வருது, சரி. ஆனா ஒவ்வொரு தடவையும் வட்டம் சிறுசாவுதே அம்மிணி?"

என் பேராசிரியர் கேட்க வேண்டிய கேள்வி. பாடம் சொல்கிற ஆசையில், "ஆமாங்க மாமா, சக்தி கொஞ்சங் கொஞ்சமாக் கொறைஞ்சு கடைசில நின்னுரும்" என்றேன். நான்கு நாளில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"அப்பச் சரி. நாளைக்கே செடியப் புடுங்க ஆளு சொல்லிர்றேன். கேரட் போட்டுக்கறேன்."

பிடுங்கிய தேயிலையைத் திரும்ப நட்டு இலை பறிக்க வருடங்கள் ஆகும். வாசல்வரை போனவரை ஓடிப் போய் நிறுத்தி, அத்தனையும் பொய் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வெலை எப்ப ஏறும்?"

"எனக்குத் தெரியாதுங்க மாமா. யாருக்கும் தெரியும்னு தோணலீங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "யாருக்குமே தெரியாதுன்னா செடி பாட்டுக்கு இருக்கட்டும். புடுங்கறதுக்கு என்ன அவசரம்."

மற்றவர்களிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஒண்ணுஞ் சொல்லாத. அவிங்க யாரும் புடுங்கப் போறதில்ல. நாந்தான் அவசரப்பட்டேன். ஊட்டுல இருந்தா சம்சாரம் மூஞ்சியப் பாக்க முடியறதில்ல. இங்க வந்தா எதோ ஒண்ணு சுத்துது. அதையும் நிறுத்திப்போட்டா எங்க போவாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை அவர்தான் முதல் ஆள். எல்லோரும் வந்து சேர்ந்ததும், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"ஏனம்மிணி, நம்ம தட்டு இன்னிக்கு எப்பச் சுத்தும்?"

"இன்னுங் கொஞ்ச நேரத்துல வந்துருமுங்க மாமா" என்றேன்.