மூன்று நாள் பிந்திப் பிறந்திருந்தால்

உடற்கல்வி ஆசிரியர் வேலையில் பாதி, பிள்ளைகளை வேண்டாமென்று திருப்பி அனுப்புவது. விசில் கட்டியிருக்கும் உங்களுக்கும் இது தெரியும். கீழே வரும் விஷயத்தை நானே பல வருடம் நம்பவில்லை.

காலண்டர்

அண்ணாமலை நகரில் ஒரு பயிற்சி முகாம். பேசவந்தவர் சொன்னார்: "வயதுப் பிரிவு ஜனவரி ஒன்றில் தொடங்குகிறது. ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிட பதினோரு மாதம் மூத்தது. அந்த வளர்த்தியைத்தான் நீங்கள் திறமை என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள்." பக்கத்திலிருந்த கடலூர் நண்பர் என் காதில் சொன்னார்: "இனிமே காலண்டருக்கே கபடி சொல்லித் தரலாம் மச்சான்."

ஜூன் பிள்ளைகள்

அப்போது கீரப்பாளையம் பக்கம் வேலை. என் அணியின் பிறந்த தேதிகளைப் பார்த்தேன். ஜனவரியையே காணோம், எல்லாம் மே, ஜூன். ஆராய்ச்சி பொய் என்று சிரித்தேன். சில வருடம் கழித்துத்தான் ஒரு பையனின் அப்பா உண்மையைச் சொன்னார். என் சான்றிதழிலும் ஜூன் ஒன்று இருப்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அவர் சொன்னது: "ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேர்க்க அஞ்சு வயசு ஆயிருக்கணும்னாங்க, ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுக்கிட்டாரு."

மூன்று நாள்

இப்போது எல்லோரும் ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள், தேதி நிஜம். சென்ற வருடம் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் கபடி அணிக்குப் பட்டியல் எழுதினேன். பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி. விட்டுப்போன பெயர்களைத் தேடினேன். கவியா டிசம்பர் இருபத்தொன்பது. பாடிப் போனால் பிடிக்க முடியாத பெண். மூன்று வருடமாக "உடம்பு போதாது" என்று அவள் பெயருக்கு எதிரே எழுதியவன் நான்.

அந்த முறை சேர்த்தேன். கடலூர் மைதானத்தில் தேர்வாளர்கள் அவளை நிறுத்திப் பார்த்து, என் வார்த்தையையே எழுதி அனுப்பிவிட்டார்கள். அதோடு அந்தப் பிரிவில் அவளுக்கு வயதும் முடிந்தது. ஜனவரி ஒன்றில் பிறந்திருந்தால் இன்னொரு வருடம் கிடைத்திருக்கும் என்று அவள் அம்மாவிடம் விளக்கினேன். அந்த அம்மா கோபப்படக்கூட இல்லை. "இன்னும் மூணு நாள் பொறுத்துப் பெத்திருக்கணுமா சார்?"

கேள்வி

பழைய முகாம் நோட்டில் பேச்சாளரின் எண் இருந்தது. கூப்பிட்டேன். இன்றும் அதே பேச்சைத்தான் பேசுகிறாராம். ஆசிரியர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என்மீதும் சேர்த்துத்தான்.

"விசில் ஊதுற எங்ககிட்ட சொன்னீங்க. ஜனவரி ஒண்ணுன்னு கோடு போட்டவங்ககிட்ட ஒரு தடவையாவது சொன்னீங்களா சார்?"