பச்சையாய் ஓடிய கால்வாய்

கொரட்டூர் ஏரியில் படகில் இருந்தபடி, சோதனைக்காகக் குப்பியில் பிடித்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெளிர் பச்சை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிறகுதான் பயம் வந்தது.

சின்ன வயதில், அம்பத்தூரில் அப்பா வேலை பார்த்த, உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறையின் கழிவு எங்கள் தெருக் கால்வாயில்தான் ஓடியது. நிக்கல் வேலை வந்தால் பச்சை, குரோமியம் என்றால் மஞ்சள். பள்ளி விட்டு வந்ததும் அம்மா கேட்பாள்: "கால்வா இன்னா கலர்டி?"

"பச்சைம்மா!"

அன்று மீன் குழம்பு. தெளிவாக ஓடினால் பட்டறைக்கு ஆர்டர் இல்லை, அப்பாவுக்குக் கூலி இல்லை. எதிர்வீட்டு மேரி அக்கா கிண்டலடிப்பார்: "தண்ணி கண்ணாடியாட்டம் கீது. இன்னிக்கு உங்க ஊட்ல ரசந்தான்!"

ஒரு மழைக்காலம் முழுக்கத் தெளிவாகவே ஓடியது. ரசமும் நின்று கஞ்சியானது. அம்மா மாதா படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றினாள். நானும் பக்கத்தில் முழங்காலிட்டு, கால்வாய் பச்சையாக வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

"யார் பண்ண வேல மேடம் இது?" படகுக்காரர் என் கையிலிருந்த பச்சைத் தண்ணீரைக் காட்டிக் கேட்டார்.

பட்டறை முதலாளியா, அடிமாட்டு விலைக்கு முலாம் பூசித் தரச் சொன்ன கம்பெனிகளா என்று யோசித்தேன். அந்தக் கால்வாய் இந்த ஏரியில்தான் விழுகிறது. என் வேண்டுதலும் பலித்திருந்தது.