கவர்னருக்குக் கொண்டுபோன எலுமிச்சம்பழம்

இந்தத் தீவில் ஃப்ளாக் ஊர்ப் பக்கம் வீராசாமி அண்ணனிடம் கரும்பு வண்டி ஓட்டுகிறேன். போன வருஷம் அறுவடை தொடங்கும் வாரம், பக்கத்து எஸ்டேட்காரர்கள் எங்கள் பாதையில் வேலி போட்டுவிட்டார்கள். வண்டி போக வேறு வழி கிடையாது. வெட்டிய கரும்பு வயலிலேயே காய்ந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெதுயியில் கவர்னர் அரண்மனையை ஜனங்கள் சுற்றிப் பார்க்கலாம் என்று கேள்வி.

"நாமளும் பாக்கப் போவோம்டா. கவர்னர் வெளிய வந்தா ஒரு வார்த்தை சொல்லிடலாம். ஆனா ஆள் அடையாளம் தெரியணுமே" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியும்ணே. உருளைக்கிழங்கு இறக்கப் போனப்பப் பாத்தேன். சிவப்புக் கோட்டு, மஞ்சப் பொத்தான். ஒரு அதட்டு போட்டா அத்தனை பேரும் ஓடுவாங்க."

பொய் சொல்லவில்லை. நான் போனது சமையற்கட்டு வாசல் வரைக்கும். அங்கே அதட்டியவர் அவர் ஒருவர்தான்.

பெரிய மனுஷரை வெறுங்கையோடு பார்ப்பது எங்கள் வழக்கமில்லை. அண்ணன் தட்டில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டார். வழி நெடுக எனக்குக் கிண்டல்தான்.

"குனியும்போது வேட்டியப் பிடிச்சுக்கண்ணே. கவர்னரம்மா பாத்துடப் போறாங்க."

நீள வராந்தாவில் சிவப்புக் கோட்டுக்காரர் நின்றார். அந்தக் கோடியில் ஒல்லியான ஒரு வெள்ளைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரோ கணக்கப்பிள்ளை என்று நினைத்தேன். அண்ணன் குனிந்து பழத்தைக் கொடுத்தார். வேலி, பாதை, கரும்பு எல்லாவற்றையும் நான் தீவுப் பேச்சான கிரியோலில் சொன்னேன். சிவப்புக் கோட்டுக்காரர் பழத்தை முகர்ந்து, "பொன், பொன்" என்று கிரியோலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"என்னடா சொல்றாரு?"

"நல்லதுன்னுட்டாருண்ணே. வேலி விழுந்த மாதிரிதான்."

கொஞ்ச நேரத்தில் அவரே தேநீர்த் தட்டோடு வந்து, ஒல்லி மனிதர் முன்னால் இடுப்பை வளைத்து, "எக்ஸலான்ஸ்" என்றார். கவர்னரை அப்படித்தான் அழைப்பார்கள் என்பது எனக்கே தெரியும். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பப் போய்ச் சொல்லுண்ணே."

"கையில என்னடா இருக்கு? வெறுங்கையோட எப்படிப் போய் நிப்பேன்?"

பழத்தைத் திருப்பிக் கேட்கச் சமையற்கட்டுக்கு ஓடினேன். நான்கையும் மீனுக்குப் பிழிந்துவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் கவர்னர் உள்ளே போய்விட்டார்.

ஊரில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "கவர்னர் என்னப்பா சொன்னாரு?"

நான் அண்ணனுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அவர் ஊர்ல இல்லையாம்" என்றார் அண்ணன்.

அதற்குப் பதில் என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம். அறுவடை முழுக்கக் கரும்பைத் தலைச்சுமையாகச் சுற்றுவழியில் கொண்டுபோனோம். அண்ணனின் வீட்டுப் பெண்களும் சுமந்தார்கள். தெரியாததைத் தெரியும் என்று நான் சொன்னதை இத்தனை பேர் சுமக்கிறார்களே என்று கூசியது. வண்டிக்கு வரும் பையன்களே, இதை மட்டும் செய்யாதீர்கள்.

சுமையை இறக்கும்போது அண்ணன் கேட்பார், "கழுத்து வலிக்குதாடா?"

"இல்லண்ணே" என்பேன்.